வால் ஆடினால் நிறுத்தவும்

ஜூன் 3, சனி

என் மனைவி நாகரத்தினத்துக்கு நேற்று அறுவை சிகிச்சை முடிந்தது. வலது இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். இன்று நினைவு தெளிந்ததும் என்னிடம் முதலில் கேட்டது, அஸ்கா சாப்பிட்டதா என்று.

அஸ்கா அவள் வளர்க்கும் பூனை. வெள்ளை நிறம், நீள முடி, பெர்சியன் ஜாதி. மாடியில் குடியிருந்தவர்கள் கனடாவுக்குப் போகும்போது இவளிடம் விட்டுப் போனார்கள். மூன்று வருடம் ஆகிறது. வெள்ளைச் சர்க்கரையைக் கோயமுத்தூர்ப் பக்கம் அஸ்கா என்போம். அந்தப் பெயரையே பூனைக்கு வைத்தாள்.

படுத்தபடியே எனக்கு வேலைகளைச் சொன்னாள். காலையும் மாலையும் சாப்பாடு. ஒருநாள் விட்டு ஒருநாள் மணல் மாற்ற வேண்டும். தினமும் முடி வார வேண்டும், இல்லாவிட்டால் சிக்குப் பிடித்துவிடும். ஆனால் வாருவது அதற்குப் பிடிக்காது. "வாலு ஆடுச்சுன்னா விட்ருங்க. அப்புறம் ஒரு சீவு கூடச் சீவக்கூடாது. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றாள். இதை மூன்று முறை சொன்னாள்.

நான் மில்லில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். கடைசிப் பதினெட்டு வருடம் கோம்பர் பிரிவில் மேஸ்திரி. பஞ்சைச் சீவி, குட்டை இழையைக் கழித்து, நீள இழையை மட்டும் நூற்கக் கொடுக்கிற பிரிவு. எனக்கு வாரச் சொல்லித் தருகிறாள்.

ஷிப்ட் முடிந்து லாக் புத்தகம் எழுதாமல் நான் ஒருநாளும் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. அதனால் இதையும் எழுதி வைக்கிறேன்.

எப்படி விழுந்தார்கள் என்று டாக்டர் கேட்டார். பரணில் ஏறிக்கொண்ட பூனையை இறக்குவதற்கு ஸ்டூல் போட்டு ஏறினாள், ஸ்டூல் சாய்ந்தது என்று சொன்னேன். உண்மை அதுதான். பூனை எதற்காகப் பரணுக்கு ஓடியது என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் 4, ஞாயிறு

காலை 6.10. வாரியது இரண்டு நிமிடம். வால் ஆடியது. நிறுத்தினேன்.

ஜூன் 5, திங்கள்

ஒரு நிமிடம். வால் ஆடியது. நிறுத்தினேன். சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது. ஜெயித்துவிட்டவனின் பார்வை.

ஜூன் 6, செவ்வாய்

கொத்தனார் வந்தார். குளியலறையில் வெஸ்டர்ன் கம்மோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாகரத்தினத்தால் இனிக் குத்தவைத்து உட்கார முடியாது. சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வரும். அவள் தோள் உயரம் எனக்குத் தெரியும். பென்சிலால் குறித்துக் கொடுத்தேன்.

பூனையின் காதுக்குப் பின்னாலும் முன்னங்கால்களின் அக்குளிலும் சிக்கு கட்ட ஆரம்பித்துவிட்டது. நாலே நாளில். மெஷினில் இழை அறுந்தால் நிறுத்துவோம். அறுந்துவிடுமோ என்று பயந்து நிறுத்தினால் அந்த ஷிப்டில் உற்பத்தியே இருக்காது. வால் ஆடுவது அறுந்ததற்கு அடையாளம் இல்லை. இன்று ஆடியபிறகும் ஆறு நிமிடம் வாரினேன். ஒன்றும் ஆகவில்லை.

மாலை ஆஸ்பத்திரியில், அஸ்கா நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஜூன் 8, வியாழன்

காற்று வறண்டால் பஞ்சு பறக்கும், சீப்பில் ஒட்டும், இழை முறியும். அதனால் மில்லில் எப்போதும் ஈரப்பதம் வைத்திருப்போம். பூனையின் முடியும் இழைதானே. துணிக்கு இஸ்திரி போடுகையில் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, சிக்குகளை நன்றாக நனைத்துவிட்டு வாரினேன். வெளியே வந்த முடி மூன்று கிராம்.

சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன். சிக்குகள் காய்ந்து முன்பைவிடக் கெட்டியாக இருந்தன. தண்ணீர் போதவில்லை போல. நாளைக்குக் கூடுதலாக.

ஜூன் 10, சனி

வீட்டு வேலைக்கு வரும் தங்கமணியிடம் பூனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். துண்டில் சுற்றி, முன்னங்கால் இரண்டையும் உள்ளே மடக்கி, தலை மட்டும் வெளியே தெரியும்படி எப்படிச் சுற்றுவது என்று காட்டினேன். பிடித்தாள். பாதியில் விட்டுவிட்டாள். "அய்யா, இது நடுங்குதுங்க. எனக்குக் கையெல்லாம் ஒரு மாதிரி வருது. நான் பாத்திரத்தக் கழுவறனுங்க" என்றாள்.

பாத்திரத்தைக் கழுவு என்றேன். தனியாகவே செய்து முடித்தேன். துண்டில் சுற்றி இடது கையில் இடுக்கி, வாலை வெளியே எடுத்து முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். இனி வால் ஆடியது என்ற பேச்சுக்கே இடமில்லை. பதினான்கு நிமிடம். ஐந்து கிராம். என் மணிக்கட்டில் மூன்று கீறல்கள். டெட்டால் போட்டேன்.

ஜூன் 11, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் பூங்கொடி வந்திருந்தாள். எங்கள் ஒரே மகள். சரவணம்பட்டியில் இருக்கிறாள், கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். அவள் அம்மாவோடு பேசுவாள். என்னிடம் தேவையானதை மட்டும் கேட்பாள், நானும் தேவையானதைச் சொல்வேன். இத்தனை வருடமும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

என் மணிக்கட்டைப் பார்த்து என்ன என்று கேட்டாள். வாரும்போது பூனை கீறியது என்றேன். எத்தனை மணிக்கு வாருகிறீர்கள் என்று கேட்டாள். ஆறு பத்துக்கு என்றேன். கையில் இருந்த ஆரஞ்சுப் பழத்தை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

நான் இளநீர் வாங்கப் போய்த் திரும்பி வந்தபோது திரைக்கு உள்ளே பேச்சு கேட்டது. பூங்கொடியின் குரல். "அன்னைக்கு எனக்குப் பதிலா நீ வந்து உக்காந்திருக்கலாம்மா. அடுப்படியிலயே நின்ன. பருப்பு வேகுதான்னு பாத்துட்டு நின்ன."

நான் இளநீரோடு உள்ளே போனதும் இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள்.

ஜூன் 12, திங்கள்

பூங்கொடி எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். நடந்ததை எழுதி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

அப்போது அவளுக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு. இடுப்பு வரை முடி. பேன், சிக்கு. அவள் அழுதால் அவள் அம்மா பாதியில் விட்டுவிடுவாள். அதனால் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் முன், காலை ஆறு பத்துக்கு, பின்வாசல் படியில். சீப்பைப் பிடித்து இழுத்தாள். ஆகவே கைகளை ஒரு துண்டால் ஜன்னல் கம்பியில் கட்ட வேண்டியிருந்தது. இறுக்கிக் கட்டவில்லை. நாலு மாதம் இப்படி நடந்தது. முடி சுத்தமாக இருந்தது.

ஒருநாள் என் கையைக் கடித்தாள். பள்ளி ஆண்டு விழாவுக்கு அப்போது இரண்டு நாள். கோலாட்டத்தில் இருந்தாள். மில்லிலிருந்து கொண்டுவந்த கத்தரிக்கோல் ஜன்னலில் இருந்தது. பின்னலைக் கழுத்தோடு வெட்டினேன். ஒரு பக்கம் கோணலாகப் போய்விட்டது.

அன்றைக்கே நாகரத்தினம் அவளை மருதமலைக்குக் கூட்டிக்கொண்டு போய் மொட்டை போட்டுவந்தாள். காய்ச்சலுக்காக வேண்டிக்கொண்டது என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். பள்ளியில் டீச்சர் அவளுக்குத் திருநீறு பூசிவிட்டாராம். அது அவள் அம்மா சொன்ன பொய். நான் யாரிடமும் எந்தப் பொய்யும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குப் பேன் வரவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

தண்ணீர் விட்டார்கள். தொட்டியை நிரப்பினேன். இருபது நிமிடம் வாரினேன். அது கத்தியபோது பக்கத்து வீட்டு ஜன்னலைச் சாத்தினார்கள்.

ஜூன் 14, புதன்

நாகரத்தினத்தை டிஸ்சார்ஜ் செய்தார்கள். கம்மோடுக்குப் போட்ட சிமெண்ட் இன்னும் காயவில்லை, வாசலில் நாலு படி வேறு. மூன்று வாரம் பூங்கொடி வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. பேரனுக்கு வீசிங் இருப்பதால் பூனையை அங்கே கொண்டுபோக முடியாது. வண்டியில் ஏறும்போது, வீடியோவில் அஸ்காவைக் காட்டச் சொன்னாள். என் போனில் கேமரா தெளிவில்லை என்றேன்.

ஜூன் 17, சனி

இன்று நடந்தது. காலை 6.10க்கு ஆரம்பித்தேன். இடது அக்குளில் இருந்த சிக்கு எலுமிச்சைப் பழ அளவுக்கு வந்துவிட்டது. சீப்பு உள்ளே நுழையவே இல்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். சிக்கைப் பிடித்துத் தூக்கியபோது தோலும் அதோடு சேர்ந்து எழும்பி வந்திருக்கிறது. முடிக்குள் அது தெரியவில்லை. ஒன்றரை அங்குலம் வெட்டுப்பட்டுவிட்டது. ரத்தம் நிறைய இல்லை. மஞ்சள் வைத்தேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. பீரோவுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. நாலு மணிக்குக் கூடையில் வைத்து, திருச்சி ரோட்டில் உள்ள கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். ரோஸ்மேரி என்று பெயர். முப்பது வயது இருக்கும். ஐந்து தையல் போட்டார். மற்ற சிக்குகள் பிரிக்க முடியாத நிலையில் இருப்பதாகச் சொல்லி, மெஷின் போட்டு உடம்பு முழுவதையும் மழித்தார். உள்ளே தோல் சிவந்தும் சில இடங்களில் நீலமாகவும் இருந்தது. மழித்தபிறகு பூனை ஒரு கையளவுதான் இருந்தது.

"சிக்குல தண்ணி பட்டா இறுகிப் போயிடுங்க. கம்பளி மாதிரி ஆயிடும். யாரு தண்ணி தெளிச்சது?" என்று கேட்டார்.

வேலைக்காரி என்றேன்.

வாலின் அடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஊசி முனையால் குத்தினார். வால் அசையவில்லை. நரம்பு அடிபட்டிருக்கிறது, யாராவது மிதித்தார்களா, இழுத்தார்களா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். ஒரு மாதத்துக்குச் சீப்பைக் காட்டக்கூட வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டை இந்த நோட்டில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 18, ஞாயிறு

தங்கமணி வேலைக்கு வரவில்லை. பதினொரு மணிக்குப் பூங்கொடி வந்தாள், கையில் ஒரு கூடையோடு. அவளுக்கு யார் சொன்னது என்று கேட்கத் தேவையில்லை.

பூனை நாற்காலிக்கு அடியில் இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள். "இதுக்கும் மருதமலைக்கு வேண்டுதல்னு சொல்லிரலாமுங்களா?"

பூனையைத் தன் சிநேகிதி வீட்டில் விடப்போவதாகச் சொன்னாள். தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. பூனை இந்த வீட்டில்தான் இருக்கும், அதைப் பார்க்க வேண்டியவர்களுக்கு வீடு எங்கே என்று தெரியும் என்றேன்.

"அப்ப அம்மா இனி இங்க வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கூடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். துடைத்து எடுத்து வைத்தேன்.

ஜூன் 20, செவ்வாய்

போன் செய்தேன். நாகரத்தினம் தூங்குகிறாள் என்றார்கள்.

ஜூன் 21, புதன்

குளித்துக்கொண்டிருக்கிறாள் என்றார்கள்.

ஜூன் 23, வெள்ளி

கம்மோடு தயார். கைப்பிடிக் கம்பியை நானே தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. வாசல் படிகளுக்கு மேல் ஒரு சரிவுப் பலகையும் போட்டிருக்கிறேன். வாக்கரை வைத்துக்கொண்டே ஏறலாம். நாற்பத்தாறு வருடத்தில் இந்த வீட்டில் அவளுக்குத் தேவையான எதையும் நான் செய்யாமல் இருந்ததில்லை.

இந்த வாரம் வாருவது இல்லை. ஆறு பத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஹாலில் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

ஜூன் 25, ஞாயிறு

அவளே போனுக்கு வந்தாள். எப்படி இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா, ஒன்றும் இல்லை. "தையல் பிரிச்சாச்சுங்களா?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பிரிப்பார்கள் என்றேன். முடி கால் அங்குலம் வந்துவிட்டது, தையல் பிரித்ததும் வார ஆரம்பிக்கப் போகிறேன், சின்னதாக இருக்கும்போதே பழக்கினால்தான் பழகும் என்றேன்.

"டாக்டரம்மாகிட்டப் பூங்கொடி கேட்டாளுங்க. ஒரு மாசம் தொடக்கூடாதுன்னு சொன்னாங்களாமா."

"நிறுத்தோணும்னா நீ வந்து நிறுத்து" என்றேன்.

போனில் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் முதலில் வைத்தேன்.

ஜூன் 28, புதன்

நேற்றுத் தையல் பிரித்தார்கள். இன்று காலை 6.10க்கு ஆரம்பித்தேன். நாகரத்தினத்துக்குப் போன் போட்டு, அவள் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூலின் மேல் வைத்தேன். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. பூனையைப் பிடித்ததில் அது மறந்துபோய்விட்டது. முடிந்தபிறகு பார்த்தால் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு நிமிடம். அவளும் வைக்கவில்லை.

பழைய மாதிரி கத்தவில்லை. மியாவ் என்று ஒரே ஒரு முறை. வால் ஆடவில்லை. ஆடாதபோது நிறுத்த வேண்டியதும் இல்லை.

ஜூன் 30, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. போட்டுக் காட்டச் சொன்னேன், கசிவு இல்லை. வாரியது பத்து நிமிடம். வால் ஆடவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

நாகரத்தினம் வந்துவிட்டாள்.

நாலரை மணிக்குப் பூங்கொடியின் கார் வாசலில் நின்றது. நாகரத்தினம் வாக்கரை ஊன்றி, நான் போட்ட பலகை வழியாக ஏறி வந்தாள். பலகை நன்றாக இருக்கிறது என்று சொல்வாள் என்று நினைத்தேன். நேராக நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, "அஸ்கா" என்று கூப்பிட்டாள். பூனை வந்தது. அவள் கையை மோந்தது. மடியில் ஏறப் பார்த்து, தாவ முடியாமல் கீழேயே உட்கார்ந்தது. அவளால் குனிய முடியவில்லை. நான்தான் தூக்கி மடியில் வைத்தேன்.

உடம்பு முழுவதையும் ஒற்றை விரலால் தடவிப் பார்த்தாள். தழும்பு, விலா, வால். வாலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அது கயிறு மாதிரி கிடந்தது.

பிறகு சொன்னாள். "இத பூங்கொடி கொண்டுட்டுப் போகட்டுமுங்க. நான் இருக்கறன்."

யோசித்தேன். சரி என்றேன். பூனை இருந்தது அவள் வருவதற்காகத்தான். தடுப்பூசிப் புத்தகத்தையும் கொடுத்தேன். மறந்து வைத்துப்போன கூடையிலேயே பூனையை வைத்து நான்தான் காருக்குக் கொண்டுபோனேன். பூங்கொடி இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து, "அம்மா, ஏறு" என்றாள். மூன்று முறை சொன்னாள்.

நாகரத்தினம் வாக்கரைப் பிடித்தபடி நின்றாள். "நீ போ சாமி. பூனை வெயில்ல இருக்குது பாரு" என்றாள்.

கார் போனபிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். இரவு ரசம் வைத்தேன். இரண்டு கரண்டி சாப்பிட்டாள். கைப்பிடிக் கம்பி அவள் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது.

ஜூலை 3, திங்கள்

ஆறு பத்துக்கு விழிப்பு வந்தது. பழக்கம். ஹாலில் வந்து நின்றேன். சீப்பு ஜன்னலில் இருந்தது, எடுத்துத் துடைத்தேன். பற்களுக்கு நடுவில் வெள்ளை முடி நாலைந்து இருந்தது.

வாக்கர் சத்தம் கேட்டது. நாகரத்தினம் வந்தாள். நான் சீப்போடு நிற்பதைப் பார்த்தாள். பின்வாசல் பக்கம் ஒரு நாற்காலியைக் காலாலேயே தள்ளிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"வாருங்க" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன்.

"உங்க கை சும்மா இருக்காதுங்க. நாலு நாள் போனா அஸ்கா எங்கன்னு கேப்பீங்க. நான் அன்னைக்கே வந்து இங்க உக்காந்திருக்கோணும். முப்பத்தி நாலு வருசம் ஆச்சு. வாருங்க."

அவள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் முடியைப் பார்த்தால் வார வேண்டிய நிலையில்தான் இருந்தது. ஒரு மாதம் மல்லாந்தே படுத்திருந்ததில் பின்னந்தலையில் கை அகலத்துக்குச் சிக்கு. பூங்கொடி எண்ணெய் மட்டும் வைத்துவிட்டு விட்டிருக்கிறாள், வலிக்குமென்று பயந்திருப்பாள். தண்ணீர் தெளிக்கவில்லை. அது தவறு என்று இப்போது தெரியும்.

நுனியிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்தில் சிக்கின் அடிக்கு வந்தேன். தலை பின்னால் வந்தது. மீண்டும் முன்னால் போனது. கைகளை மடியில் கோத்து வைத்திருந்தாள், கட்டத் தேவைப்படவில்லை. சத்தமும் இல்லை. பூனையைவிட, பூங்கொடியைவிட அமைதியாக இருந்தாள்.

நடுவில் ஒருமுறை முகத்தை எட்டிப் பார்த்தேன். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒருவரும் இல்லை.

பத்து நிமிடம் ஆனது. எதுவும் ஆடவில்லை. தொடர்ந்தேன்.